காஸ் அடுப்பா, விறகு அடுப்பா? கை வெந்த ஒரு வாசகிக்குப் பதில்

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34, கொழுந்து பறிக்கிறவர். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு தடவை வந்து போகிறார். லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா (அறை), இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்துக் கட்டிய குசினி. வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். அடையாளம் தெரியக்கூடிய எதையும் இங்கே போடவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் புதுச் சிலிண்டர் மாட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு ரொட்டி சுட எழும்பியிருக்கிறார். நல்ல குளிர். ஜன்னல் சாத்தி, கதவின் அடியில் காற்று வராமல் சாக்கு அடைத்திருந்தது. “அழுகின கோவா வாடை லேசா அடிச்சிச்சு டொக்டர், பின்னால மரக்கறித் தோட்டத்தில இருந்து வருதுன்னு நினைச்சேன். தீக்குச்சியை உரசினேன். காலடியில இருந்து நீலமா ஒரு அலை எழும்பி முகத்துக்கு வந்திச்சு” என்கிறார். இரண்டு புறங்கையும் வலது கன்னமும் வெந்துவிட்டன, புருவம் கருகிவிட்டது. மாமியார் ஓடிவந்து பற்பசையைப் பூசியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பொலிஸ் விசாரணை வரும் என்று பயந்து, சுடுதண்ணி கொட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் விறகு அடுப்புதான். சின்னவனுக்கு இழுப்பு கூடிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான், “இப்ப வாற காஸில புரொப்பேன் கலக்கிறாங்க, அது வெடிக்கிற சாமான், தொடாதீங்க” என்கிறார். கணவர் மறுபடி காஸ் வாங்கலாம் என்கிறார். மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். இவர் என்ன செய்வது? அத்தோடு, வலது கைப் பெருவிரல் விரியவில்லை, கொழுந்து கிள்ள முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லப் போகிறேன், அதற்குத்தான் அவசரம். ஆறின தோல் இறுகுவது அந்தத் தோலின் இயல்பு. தழும்பு முதிர ஒரு வருடம், சில பேருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை அது சுருங்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற இடம் சுருங்கினால் எதையும் பிடிக்கவும் முடியாது, கிள்ளவும் முடியாது. வலிக்கிறது என்று விரலை மடக்கியே வைத்திருப்பது மிகப் பெரிய தப்பு. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை மற்றக் கையால் பெருவிரலை மெதுவாக விரித்து, இழுபடுகிறது என்று தெரியும் வரை கொண்டுபோய், பத்து எண்ணும் வரை பிடியுங்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி நீவிவிடலாம். மலை வெயில் குளிரோடு சேர்ந்து வருவதால் நமக்கு உறைப்பதில்லை. ஆனால் புதுத் தோலை அது சீக்கிரம் கறுக்க வைத்துவிடும். ஆகவே மலைக்குப் போகிற நாளில் கையுறையோ நீளக் கைச் சட்டையோ வேண்டும்.

அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல், இந்தக் கிழமையே போய்ப் பிசியோதெரபி கேளுங்கள். இரவில் விரலை விரித்து வைக்கிற தாங்கி ஒன்று செய்து தருவார்கள். அதற்கும் அசையாவிட்டால் கண்டி தேசிய வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு கேளுங்கள். இரண்டு மாதம்தான் ஆகிறது, பயப்பட வேண்டாம். ஆனால் ஆறு மாதம் கழித்து வந்தால் இதே சொல்லை என்னால் சொல்ல முடியாது.

பற்பசை பூசிய மாமியைக் கோபிக்காதீர்கள். எனக்குத் தெரிந்து மலையகத்தில் பாதி வீடுகளில் அதுதான் முதலுதவி. மிச்சப் பாதியில் முட்டை வெள்ளைக்கரு. இரண்டும் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கின்றன. காயத்தின் ஆழத்தைப் பார்க்க நாங்கள் அதைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி துடிக்கிறார். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்தால் போதும். ஐஸ் வேண்டாம். நம்மூர்க் குளிரில் இன்னொன்றும் உண்டு. வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மிச்ச உடம்பைக் கம்பளியால் போர்த்த வேண்டும். முகத்தில் தீ பட்டவருக்குக் குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, சளியில் கரி வந்தாலோ மூச்சுக்குழாய் உள்ளே வீங்கத் தொடங்கியிருக்கலாம். பேச்சு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

வெடித்தது சிலிண்டர் அல்ல

கடிதத்தில் மூன்று இடத்தில் “சிலிண்டர் வெடிச்சிச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சிலிண்டர் அப்படியே இருந்தது, கணவர் வந்து கழற்றிக் கொண்டுபோய் வெளியே வைத்தார் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டரே பிளப்பது மிக அரிது. பெரும்பாலும் ஏற்கெனவே எரிகிற நெருப்புக்குள் அது மாட்டி வெந்தால்தான் அப்படி ஆகும். உங்கள் வீட்டில் தீப்பிடித்தது, எங்கோ கசிந்து தரையில் படுத்துக் கிடந்த காஸ்.

“காலடியில இருந்து அலை எழும்பிச்சு” என்ற அந்த ஒரு வரியை வாசித்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. சமையல் காஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் இரண்டின் கலவை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அடுப்புப் புகை மாதிரி மேலே போய்த் தகர இடுக்கால் வெளியேறாது. மார்கழிப் பனி பள்ளத்தில் இறங்கி நிற்கிற மாதிரி தரையோடு நிற்கும். கதவடியில் நீங்கள் அடைத்த சாக்கு, அது வெளியே போகக்கூடிய ஒரே வழியையும் மூடிவிட்டது.

எவ்வளவு காஸ் போதும் என்று நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய லயக் காம்பரா 10க்கு 12 அடி. உயரம் எட்டடி என்று வைத்துக்கொள்வோம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். முழுக் காம்பராவையும் அந்த அளவுக்குக் கொண்டுவர ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான காஸ் போதும். உங்கள் சிலிண்டரில் இருந்தது 12.5 கிலோ. காஸ் தரையோடு தேங்குவதால் ஒரு கிலோகூடத் தேவைப்படாது, முழங்கால் உயரத்துக்கு நிறைந்தாலே நீங்கள் பார்த்த அலை வந்துவிடும். உங்கள் குசினி காம்பராவிலும் சின்னது.

அந்தக் கோவா வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்கப்டான் என்கிற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். அதன் வாடை அழுகின கோவா மாதிரித்தான் இருக்கும். கொழும்பில் ஒரு மாடி வீட்டில் அந்த வாடை வந்தால் உடனே சந்தேகம் வரும். சுற்றிவரக் கோவாப் பாத்தி இருக்கிற நம்மூரில் யாருக்கு வரும்? ஆகவே உங்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் இனிமேல் குசினிக்குள் கோவா அழுகினால் அது கோவா இல்லை என்றே நினையுங்கள். மூக்கையும் முழுக்க நம்ப முடியாது. கொஞ்ச நேரத்தில் அது அந்த வாடைக்குப் பழகிவிடும். தடிமன் பிடித்தவருக்கும் வயது போனவருக்கும் இன்னும் மோசம்.

மச்சான் சொன்ன புரொப்பேன் கதை

மச்சான் சொன்னதில் பாதி சரி. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க வீடுகளில் அடுத்தடுத்து காஸ் விபத்துகள் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கண்ணாடி மேல்தட்டு அடுப்புகள் நொறுங்கின, டியூபில் தீப்பிடித்தது. அப்போது ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்து, காஸ் கலவை மாறியதுதான் முக்கிய காரணம் என்று சொன்னது. வழக்கமாக நமக்கு வந்த காஸில் ஐந்தில் ஒரு பங்குதான் புரொப்பேன், மிச்சம் பியூட்டேன். புரொப்பேனின் பங்கு கூடினபோது பழைய ரெகுலேட்டர்களும் டியூபுகளும் இணைப்புகளும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

மற்றப் பாதி தப்பு. புரொப்பேன் ஒரு கெட்ட காஸ் இல்லை. சொல்லப்போனால் குளிர் ஊருக்கு அதுதான் தோது. பியூட்டேன் பூச்சியம் பாகைக்குக் கிட்ட வந்தாலே ஆவியாக மறுக்கும். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை வரை ஆவியாகும். அதனால்தான் இங்கிலாந்து மாதிரி நாடுகளில் வீட்டுக்கு வெளியே வைக்கிற சிலிண்டருக்குத் தனிப் புரொப்பேன் போடுகிறார்கள், அதற்கென்று வேறு ரெகுலேட்டரும் உண்டு. வில்லங்கம் அதன் அமுக்கத்தில்தான். ஒரே சூட்டில் பியூட்டேனைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு அமுக்கம் அதற்கு. கலவையில் அது கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த தேய்ந்த வாஷரும் எலி கடித்த டியூபும் அப்போது காட்டிக்கொடுத்துவிடும்.

கலவையில் முதலில் கூடுதலாக ஆவியாகிப் போவது புரொப்பேன்தான். ஆகவே சிலிண்டர் மாட்டின முதல் சில நாட்களில் அமுக்கம் கூட, கடைசியில் பியூட்டேன் மிஞ்சுவதால் அமுக்கம் குறைவு. உங்கள் வீட்டில் நடந்தது மாட்டி இரண்டாம் நாள் விடியலில். கசிந்த இடம் எதுவென்று கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த ரெகுலேட்டர் ஏழு வருடப் பழசு என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

இதோடு சேர்ந்த மலையகத்துப் பழக்கம் ஒன்று உண்டு. சிலிண்டர் தீரப்போகிற நேரம், குளிரில் அடுப்புத் தீ மங்கும். உள்ளே காஸ் இருக்கிறது, ஆட்டினால் சலசலக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்கிறது. உடனே சுடுதண்ணி ஊற்றுகிறார்கள், விறகு அடுப்புப் பக்கம் தள்ளி வைக்கிறார்கள், படுக்கப்போட்டு உருட்டுகிறார்கள். நுவரெலியாக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் நானும் ஒரு கேத்தல் சுடுதண்ணி ஊற்றியவன்தான். படித்தவன் செய்யக்கூடாத வேலை. 2022இல் சிலிண்டர் விலை ஐயாயிரத்தை நெருங்கி, அதற்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது கடைசிச் சொட்டு வரை எடுக்கிற இந்தப் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. படுக்கவைத்தால் திரவமே டியூபுக்குள் வந்துவிடும். சூடாக்கினால் உள்ளே அமுக்கம் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து காஸைக் குசினிக்குள் கொட்டலாம். சீமெந்துத் தரையில் வைக்காமல் ஒரு பலகைத் துண்டின் மேல் நிமிர்த்தி வையுங்கள், கொஞ்ச நேரம் அடுப்பை நிறுத்தி விடுங்கள். வருகிறது வரட்டும், மிச்சம் போகட்டும்.

அப்போ விறகே போதுமா?

மாமியின் பயத்தை நான் மதிக்கிறேன். அவர் மருமகளின் கை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஆனால் விறகைப் பாதுகாப்பு என்று எண்ணுவது பழக்கத்தால் வருவது. வாழ்நாள் முழுக்க விறகுப் புகையில் நின்ற பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பீடி தொட்டிருக்க மாட்டார்கள், நெஞ்சு மட்டும் புகைபிடித்தவரின் நெஞ்சு மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு நிமோனியா வருகிற வாய்ப்பையும் இந்தப் புகை கூட்டும். உங்கள் சின்னவனுக்கு இழுப்பு கூடினதும் காஸை நிறுத்திய பிறகுதான் என்று நீங்களே கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள். காஸ் என்றோ ஒருநாள் செய்யக்கூடியதைப் பார்த்துப் பயந்து, விறகு தினமும் செய்கிறதை விட்டுவிட முடியாது.

மின்சார அடுப்பையும் கேட்டிருந்தீர்கள். லயத்து வயரிங் அதைத் தாங்குமா என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

என் அபிப்பிராயம், மறுபடி காஸுக்குப் போகலாம். ஆனால் பழைய சாமான்களோடு வேண்டாம். ரெகுலேட்டர், டியூப், கிளிப் மூன்றையும் இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்துப் புதிதாக வாங்குங்கள். ஒரு சிலிண்டர் காசுக்கு மேல் போகலாம், தெரியும். அந்த ஒன்பது நாளில் நீங்கள் இழந்த சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டியூபை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

புதுச் சிலிண்டர் மாட்டியதும் சவர்க்கார நுரையை ரெகுலேட்டர் வாயிலும் டியூபின் இரண்டு முனையிலும் தடவுங்கள். கொப்புளம் கிளம்பினால் கசிவு. தீக்குச்சி காட்டிப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படியானவரைக் குசினிக்குள்ளேயே விடாதீர்கள். இரவு படுக்கப் போகும்போது அடுப்புத் திருகியை மட்டும் மூடினால் போதாது, ரெகுலேட்டரையும் மூட வேண்டும். காலையில் எழும்பியதும் முதல் வேலை கதவைத் திறப்பது, தீப்பெட்டி அப்புறம். கதவடிச் சாக்கை எடுத்துவிடுங்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். அதே குசினியில் விறகு அடுப்பையும் எரிய விட்டு காஸையும் வைத்திருப்பது வேண்டவே வேண்டாம்.

சிலிண்டரை வெளியே வைக்கலாமா என்று கணவர் கேட்டது நல்ல யோசனை. காற்றோட்டமும் நிழலும் இருக்கிற இடமாக வேண்டும், கானுக்கு (வடிகாலுக்கு) பக்கத்தில் வேண்டாம். கசிந்தால் கான் வழியே இறங்கிக் கீழ் லயத்துக்குப் போய்ச் சேரும். ரப்பர் டியூபைச் சுவருக்குள் நுழைத்துக் கொண்டுவரக்கூடாது, உள்ளே தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குள் உலோகக் குழாய்தான், அதையும் தெரிந்தவர் பொருத்த வேண்டும்.

மறுபடி வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே போய்ப் பக்கத்துக் காம்பராக்களுக்குச் சத்தம் போடுங்கள். வாடை கடுமையாக இருந்தால் ரெகுலேட்டரையும் விட்டுவிட்டு ஓடுங்கள். போன் எடுப்பது வெளியே போன பிறகு. லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் கூரை வழியே வரிசை முழுக்கப் போகும். தீயணைப்பு வண்டி தோட்டத்து ரோட்டில் ஏறி வரும் வரை அது காத்திருக்காது.

சொன்ன பொய்யும் முறைப்பாடும்

சுடுதண்ணி என்று சொன்னதைத் திருத்துங்கள். தீக்காயத்துக்கு பொலிஸ் பதிவும் சட்ட வைத்தியப் பரிசோதனையும் இங்கே வழக்கம்தான். அதைக் கண்டு குடும்பத்தில் யாரையோ பிடித்துவிடுவார்கள் என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் பொய்தான் சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. சுடுதண்ணி கொட்டினவருக்குப் புருவம் கருகாது, உங்களைப் பார்த்த டொக்டர் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். மருத்துவத்துக்கும் அது முக்கியம், காஸ் தீ என்று தெரிந்தால் மூச்சுக்குழாயை முதலிலேயே பார்த்திருப்பார்கள். கிளினிக்கில் நடந்ததைச் சொல்லி, குறிப்பில் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

சட்டம் என் துறை இல்லை, ஆனால் ஒன்று தெரியும். சாமானில் குறை என்று நினைத்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்யலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எங்கே எப்படிக் கொடுப்பது என்று அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு போன் எடுத்துக் கேளுங்கள். கடைத் துண்டு, அந்த ரெகுலேட்டர், டியூப், வைத்தியசாலை அட்டை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நட்டஈடு கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஏழு வருட ரெகுலேட்டர் உங்களுடையது, அதையும் கேட்பார்கள்.

லைட்டர் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, சமையல் கட்டுக்குள் கால் வைக்கக் கூசுகிறது என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள். அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். கையைப் போலவே அதற்கும் ஆள் இருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் கணவரோ பக்கத்துக் காம்பரா அக்காவோ அடுப்பைப் பற்றவைக்கட்டும், நீங்கள் திறந்த கதவுப் பக்கம் நின்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கையும் கேட்டிருந்தீர்கள். மாமி தரையில் குத்துவிளக்கு வைப்பது குசினி வாசலுக்கு நேரே என்றால், அதைச் சாமித்தட்டு உயரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை மூடி, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு அவர் வழக்கம்போல ஏற்றட்டும்.